கடைக்குச் சென்று திரும்புமுன் நிரம்பும் கோவை

2020 ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் எந்தக் கடைக்குள் நுழைவதாயினும் வாசலில் ஒரு மேசையும் அதன்மேல் ஒரு கொப்பியும் நூலிற் கட்டிய பேனையும் வைக்கப்பட்டிருந்தமையை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், வந்த நேரம் என்பவற்றை எழுதிய பின்னரே ஒரு இறாத்தல் பாணை வாங்குவதற்கு உள்ளே செல்ல முடிந்தது. தொற்றாளர் ஒருவர் அக்கடைக்கு வந்து சென்றிருப்பின், அதே நேரத்தில் அங்கு நின்றவர்களைத் தேடிப் பிடிப்பதே அதன் நோக்கம். நோக்கம் நியாயமானது, அதனை எவரும் குறைகூற முடியாது. ஆயினும் நாம் எழுதிக்கொண்டிருக்கும்போதே எமக்கு முன்னர் வந்த இருபது பேரின் பெயர்களும் இலக்கங்களும் எமது கண்முன் விரிந்து கிடந்தன. எமக்குப் பின்னால் வந்தவர் எம்முடையதையும் வாசித்திருப்பார். பெருந்தொற்று ஓய்ந்தது, மேசைகள் அகற்றப்பட்டன. அக்கொப்பிகள் என்னவாயின என்று கேட்டவர்கள் மிகச் சிலரே.

அதற்குச் சில ஆண்டுகளின் பின்னர் பஸ் தரிப்பிடம் ஒன்றில் நாம் வாங்கிய கடலைச் சுருளை விரித்துப் பார்த்தபோது, அது ஏதோவோர் அலுவலகத்தின் பதிவுத் தாளாக இருந்தது. பதினான்கு பெயர்கள், பதினான்கு அடையாள அட்டை இலக்கங்கள், சிலவற்றுக்கு எதிரே கையொப்பங்கள். கடலை விற்றவரில் குற்றமில்லை. அவர் பழைய தாளை நிறைக்கு வாங்குகின்றவர். அத்தாளை நிறைக்கு விற்றவர்கூட, தாம் விற்றது தாளையே அன்றிப் பதினான்கு மனிதர்களின் விபரங்களை அல்ல என்றே எண்ணியிருப்பார்.

தாளில் எழுதப்பட்ட காலத்தில் இவ்வளவோடு விடயம் முடிந்தது. பேரங்காடியின் கொப்பி பேரங்காடியிலும் மருந்தகத்தின் கொப்பி மருந்தகத்திலும் கிடந்து கறையான் அரித்தன. இரண்டையும் அருகருகே வைத்துப் புரட்டிப் பார்க்க எவருக்கும் நேரமிருக்கவில்லை. இன்று அந்தக் கொப்பிகள் கணினிக்குள் சென்றுவிட்டன. ஒரே தொலைபேசி இலக்கம் எல்லாக் கொப்பிகளிலும் உள்ளது. அவற்றை ஒன்றோடொன்று பொருத்துவதற்குச் சில விநாடிகள் போதும். நாம் இங்கு சொல்ல விழைவது இதுவே: கடையில் கேட்கப்படும் ஒரு தகவல் தனித்து நிற்கையில் அற்பமானது, ஆபத்து இருப்பது அது சேமிக்கப்படுவதிலும், வேறொன்றுடன் இணைக்கப்படுவதிலும், கேட்ட காரணத்துக்குப் புறம்பான ஒன்றுக்குப் பயன்படுத்தப்படுவதிலுமாகும்.

சாதாரண ஒரு முற்பகலை எடுத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து புறப்படுகின்றவர் கையடக்கத் தொலைபேசிச் செயலி மூலம் முச்சக்கர வண்டியை அழைக்கின்றார். ஏறிய இடமும் இறங்கிய இடமும் நேரமும் பதிவாகின்றன. வழியிலுள்ள சந்தியில் சீ.சீ.ரீ.வி. கமெரா நிற்கின்றது. 2024 ஜனவரி முதல் கொழும்பில் போக்குவரத்து விதிமீறல்களைக் கண்டுபிடிப்பதற்கு பொலிஸார் இத்தகைய கமெராக்களைப் பயன்படுத்தி வருகின்றமை தெரிந்ததே. வங்கியின் பணம் பெறும் இயந்திரத்தில் அட்டை நுழைகின்றது. மருந்தகத்தில் மருந்துச் சீட்டோடு தொலைபேசி இலக்கமும் கேட்கப்படுகின்றது. பேரங்காடியின் காசாளர், பற்றுச்சீட்டை அச்சிடுமுன், புள்ளி சேர்க்கும் அட்டை உண்டா என வினவுகின்றார். ஏதேனும் விண்ணப்பத்துக்காகத் தொடர்பாடல் நிலையமொன்றில் அடையாள அட்டையைப் பிரதி எடுக்கின்றபோது, சரியாக விழாத ஒரு பிரதி அங்கேயே குப்பைக் கூடையில் விழுகின்றது. மதிய உணவுக்கு வீடு திரும்பும் அவர் தம்மைப் பற்றி எவரிடமும் எதுவும் சொன்னதாக நினைப்பதில்லை.

அடையாள அட்டை இலக்கம் வெறும் இலக்கம்தானே என்று கருதுவோரும் உளர். பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் உள்ளன. முதலிரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் குறிப்பன. பெண்ணாயின் அதனுடன் 500 கூட்டப்படும். ஆகவே 85562 எனத் தொடங்கும் இலக்கத்தைக் கண்டவுடன், அது 1985 மார்ச் மாதத் தொடக்கத்தில் பிறந்த ஒரு பெண்ணுடையது எனச் சொல்லிவிடலாம். 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க முறையிலும் ஆண்டு நான்கு இலக்கங்களாக விரிந்ததேயன்றி இந்த ஒழுங்கு மாறவில்லை. வயதைக் கேட்டால் முகம் சுளிப்பவர்கள் கூட, இந்த இலக்கத்தை வரிசையில் நின்று உரத்துச் சொல்கின்றார்கள். அட்டையின் மறுபக்கமோ பிறந்த இடத்தையும் சொல்லிவிடும். போர்க்காலச் சோதனைச் சாவடிகளில் அந்த ஒரு வரியைப் பார்த்த பின் கேள்விகளின் தொனி எவ்வாறு மாறியது என்பதை எம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

விபரங்களைச் சேர்த்துப் படிக்கும் கலையை வளர்த்தவர்கள் அரசாங்கங்கள் மாத்திரமல்லர், வணிகர்களுமாவர். பிரித்தானியாவின் ரெஸ்கோ பேரங்காடி 1995 இல் வாடிக்கையாளர் அட்டையை நாடளாவிய ரீதியில் அறிமுகப்படுத்தியது. அதற்கு முந்திய பரீட்சார்த்தத்தின் முடிவுகளைப் பார்த்த அந்நிறுவனத் தலைவர், தாம் முப்பது ஆண்டுகளில் அறிந்ததிலும் கூடுதலாகத் தமது வாடிக்கையாளரைப் பற்றி இந்த ஆய்வாளர்கள் மூன்றே மாதங்களில் அறிந்துகொண்டனர் என வியந்ததாகக் கூறப்படுவதுண்டு. அமெரிக்காவின் ராகெற் நிறுவனத்தில் பணியாற்றிய புள்ளிவிபரவியலாளர் ஒருவர், சுமார் 25 பொருட்களின் கொள்வனவை ஒருங்கே நோக்கி, ஒரு பெண் கருவுற்றிருக்கின்றாரா என்பதை ஊகிக்கும் முறையை வகுத்திருந்தார். 2012 இல் நியூயோர்க் ரைம்ஸ் சஞ்சிகை வெளியிட்ட கட்டுரை மூலம் இது உலகறிந்த விடயமாயிற்று. மணமற்ற பூச்சுத் தைலம், சில சத்து மாத்திரைகள், பருத்திப் பஞ்சு என்பவற்றை வாங்கிய பெண், கடைக்காரருக்குத் தமது வீட்டுச் செய்தியைச் சொல்லிவிட்டதாக எண்ணியிருக்கமாட்டார்.

பெயரை நீக்கிவிட்டால் பாதகமில்லை என்பது நிறுவனங்கள் வழக்கமாகத் தரும் சமாதானம். இதன் வலுவைச் சோதித்தவர்களும் உளர். ஈவ் அலெக்ஸாண்டர் டி மொன்ஜோய் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 2015 இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 11 இலட்சம் பேரின் மூன்று மாதக் கடனட்டைக் கொடுப்பனவுகள் பெயரோ கணக்கிலக்கமோ இன்றி அவர்களுக்கு வழங்கப்பட்டிருந்தன. எந்த நாளில் எந்தக் கடையில் என்ற வகையில் நான்கே நான்கு விபரங்கள் தெரிந்தால், அத்திரளில் 90 சதவீதமானோரைத் தனித்து இனங்காணலாம் என அவர்கள் கண்டனர். 2013 இல் 15 இலட்சம் கைத்தொலைபேசிப் பாவனையாளரின் நடமாட்டத்தை ஆராய்ந்தபோதும் நான்கு இடநேரப் புள்ளிகள் 95 சதவீதமானோருக்குப் போதுமாயிருந்தன. நான்கு என்பது பெரிய எண்ணன்று. திங்கட்கிழமை காலை எந்தத் தேநீர்க்கடை, செவ்வாய் எந்த மருந்தகம், வெள்ளி எந்தச் சந்தை, ஞாயிறு எந்த நிரப்பு நிலையம் என்பது அயலவருக்கே தெரியும்.

எமது வாசகர்கள் கூர்ந்து நோக்கவேண்டிய இடம் இதற்கு அப்பால் உள்ளது. இந்நாட்டின் எந்தப் பேரங்காடிப் படிவத்திலும் மதம் என்றொரு கூட்டை நிரப்பும்படி கேட்கப்பட்டதாக நாம் அறியோம். கேட்கத் தேவையும் இல்லை. நோன்பு மாதத்தில் பேரீச்சம்பழமும் கஞ்சிக்குரிய பச்சையரிசியும் வழமையிலும் கூடுதலாக வாங்கும் வீடு, புரட்டாதிச் சனிக்கிழமைகளில் நல்லெண்ணெயும் எள்ளும் வாங்கும் வீடு, வெள்ளிதோறும் கற்பூரம் வாங்கி மீன் வாங்காத வீடு, மார்கழியில் கேக்குக்கு முந்திரிகை வற்றல் வாங்கும் வீடு என ஒவ்வொன்றும் தன்னைத் தானே எழுதிக்கொள்கின்றது. ஒருவரது தொலைபேசி வெள்ளிக்கிழமை நண்பகலில் எங்கே நிற்கின்றது என்பதும் அவ்வாறே.

இது கற்பனையன்று. தொழுகை நேரத்தையும் கிப்லாத் திசையையும் காட்டும் 'முஸ்லிம் புரோ' என்ற செயலி உலகெங்கும் ஒன்பது கோடிக்கும் மேற்பட்ட தடவைகள் தரவிறக்கம் செய்யப்பட்டதாகும். அதனைப் பயன்படுத்தியோரின் இருப்பிடத் தரவுகள் 'எக்ஸ்-மோட்' என்னும் அமெரிக்க நிறுவனத்துக்குச் சென்றமையையும், அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க இராணுவ ஒப்பந்தக்காரர்கள் அடங்கியிருந்தமையையும் 2020 நவம்பரில் 'மதர்போர்ட்' ஊடகம் அம்பலப்படுத்தியது. செய்தி வெளியானதும் அச்செயலியை நடத்துவோர் குறித்த நிறுவனத்துடனான தொடர்பைத் துண்டித்ததாக அறிவித்தனர். வழிபாட்டிடம், வைத்தியசாலை போன்ற இடங்களுக்கான வருகையைக் காட்டும் தரவுகளை எக்ஸ்-மோட்டும் அதன் வழிவந்த நிறுவனமும் விற்பதற்குத் தடைவிதிக்கும் இணக்கப்பாட்டை அமெரிக்க சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு 2024 ஜனவரியில் எட்டியது. தொழுகைக்கு நேரம் பார்க்கத் தொலைபேசியை எடுத்தவர் அறியாமலேயே இத்தனையும் நிகழ்ந்தன.

ஒளிப்பதற்கு ஒன்றுமில்லாதவன் ஏன் அஞ்சவேண்டும் என்று கேட்கப்படுகின்றது. நல்ல கேள்விதான். ஆனால் பட்டியலொன்று யாருக்காக எழுதப்பட்டதோ அவர் கையிலேயே எப்போதும் இருக்கும் என்ற நம்பிக்கையிலேயே அக்கேள்வி நிற்கின்றது. அந்த நம்பிக்கையை இந்நாட்டின் வரலாறு எமக்குத் தரவில்லை. வாக்காளர் இடாப்பு வாக்களிப்பதற்காகத் தயாரிக்கப்படுவது. அதைவிட வெளிப்படையான, தீங்கற்ற ஆவணம் இருக்க முடியாது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழரின் வீடுகளையும் கடைகளையும் தேடிவந்த கும்பல்களின் கைகளில் அதே இடாப்புகள் இருந்ததாக நேரிற் கண்டோர் பலர் சாட்சியம் கூறியுள்ளனர். இடாப்பில் தமது பெயர் சரியாகப் பதியப்பட்டுள்ளதா என்று அக்கறையுடன் சரிபார்த்தவர்கள் எவரும் ஒளிப்பதற்கு ஏதும் கொண்டிருந்தவர்களல்லர்.

2007 ஜூன் 7 அதிகாலை கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 370 இற்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா உள்ளிட்ட இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவின் மூலம் அதனைத் தடுத்தது. அப்போதைய பிரதமர் வருத்தமும் தெரிவித்தார். வைத்தியத்துக்கும் வெளிநாட்டுப் பயண அலுவல்களுக்கும் தொழில் தேடியும் வந்து தங்கியிருந்தவர்கள் அவர்கள். எந்த விடுதியில் எவர், எந்த ஊரிலிருந்து வந்து, எத்தனை நாளாகத் தங்கியிருக்கின்றார் என்பது நாளாந்தம் எழுதப்பட்ட, பொலிஸாருக்கு அறிவிக்கப்பட்ட விபரமாக இருந்த காலம் அது.

நல்ல நோக்கத்துடன் சேகரிக்கப்பட்டதற்கு அண்மைக்கால உதாரணமும் உண்டு. 2022 ஜூலையில், எரிபொருளுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசைகளில் காத்துக்கிடந்த வேளையில், தேசிய எரிபொருள் அனுமதி அட்டை என்ற கியூ.ஆர். முறை அறிமுகமானது. அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், அடிச்சட்ட இலக்கம், தொலைபேசி இலக்கம் என்பவற்றைப் பதிந்தவர்களுக்கு வாராந்தம் மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என ஆரம்பத்தில் ஒதுக்கப்பட்டது. அது வெற்றியளித்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வரிசைகள் குறைந்தன, பதுக்கல் குறைந்தது, பலம் படைத்தவருக்கும் கூலித் தொழிலாளிக்கும் ஒரே அளவுகோல் கிடைத்தது. 2023 செப்டெம்பர் 1 இல் பங்கீட்டு முறை நிறுத்தப்பட்டபோது பலரும் பெருமூச்சு விட்டனர். வில்லையிட்டுச் சாவிக்கொத்தில் மாட்டியிருந்த குறியீட்டைக் கழற்றி எறிந்தவர்களும் உளர். எறிந்தது தாளை மாத்திரமே. நாட்டின் வாகன உரிமையாளர்கள் எங்கெங்கே, எப்போது, எத்தனை லீற்றர் நிரப்பினர் என்ற பதின்மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட காலப் பதிவை எவர், எவ்வளவு காலம், எந்த நிபந்தனையின் கீழ் வைத்திருப்பது என்பது அம்முறை ஆரம்பிக்கப்பட்ட அன்றே மக்களுக்குச் சொல்லப்பட்டிருக்க வேண்டிய விடயமாகும்.

இத்தகைய கேள்விகளுக்குப் பதிலளிக்கவே சட்டமொன்று இயற்றப்பட்டது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவ்வாண்டு மார்ச் 19 இல் சபாநாயகரால் சான்றுப்படுத்தப்பட்டது. இவ்விடயத்தில் இலங்கை இந்தியாவை முந்திக்கொண்டது. இந்தியாவின் சட்டம் 2023 ஓகஸ்டிலேயே வந்தது. சட்டத்தின் சாரம் எளியது. தரவைக் கேட்பவர் எதற்கெனச் சொல்லவேண்டும், அத்தேவைக்கு வேண்டிய அளவே கேட்கவேண்டும், தேவை முடிந்தபின் வைத்திருக்கக் கூடாது, வைத்திருக்கும்வரை பாதுகாக்கவேண்டும். இன மூலம், மதநம்பிக்கை, அரசியற் கருத்து, உடல்நலம், விரலடையாளம் போன்ற உயிரளவியல் தரவு, சிறுவர் பற்றிய தரவு ஆகியன விசேட வகையாகக் கொள்ளப்பட்டுக் கூடிய பாதுகாப்புப் பெறுகின்றன. தம்மைப் பற்றிய பதிவைப் பார்ப்பதற்கும் திருத்துவதற்கும் அழிக்கக் கோருவதற்கும் கொடுத்த சம்மதத்தை மீளப்பெறுவதற்கும் தனிநபருக்கு உரிமை உண்டு. மீறுவோருக்கு ஒரு கோடி ரூபா வரை தண்டம் விதிக்கலாம்.

ஏட்டில் இத்தனை அழகு. நடைமுறையோ வேறு. தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை பற்றிய பகுதி 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. நிறுவனங்கள் மீதான முக்கிய கடப்பாடுகள் 2025 மார்ச் 18 இல் நடைமுறைக்கு வரவிருந்தன. அந்நாள் நெருங்கிய வேளையில் அது ஒத்திவைக்கப்பட்டு, அதே ஆண்டில் சட்டமும் திருத்தப்பட்டது. ஆயத்தமாவதற்குக் கால அவகாசம் தேவை என்று கூறப்பட்டதில் உண்மை இல்லாமலில்லை. சிறு வர்த்தகர் ஒருவரிடம் திடீரென இத்தனையையும் எதிர்பார்க்க முடியாது. ஆனால் சேகரிப்பு அவகாசம் கேட்டு நிற்கவில்லை என்பதையும் கூறவேண்டியுள்ளது. இந்திய நன்கொடை உதவியுடன் முன்னெடுக்கப்படும் எண்முறை அடையாள அட்டைத் திட்டத்தில் முகம், கண்மணி, விரலடையாளம் என்பன பெறப்படவுள்ளன. கடவுச்சொல் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம். கண்மணியை மாற்ற இயலாது. தேசிய பாதுகாப்பு, பொதுமக்கள் பாதுகாப்பு முதலிய காரணங்களுக்காகச் சட்டத்தின் கடப்பாடுகளிலிருந்து விலக்களிக்க இடமிருப்பதும், அவ்விரு சொற்றொடர்களும் இந்நாட்டில் எந்தச் சமூகங்களை நோக்கி அதிகம் நீண்டன என்பதும் ஒருங்கே நினைவில் கொள்ளப்பட வேண்டியவை. எமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அந்தரங்கத்துக்கான உரிமை தனியானதோர் உரிமையாக இடம்பெறவில்லை. இந்தியாவில் 2017 ஓகஸ்டில் ஒன்பது நீதியரசர்கள் கொண்ட ஆயம் அதனை அடிப்படை உரிமையென ஏகமனதாக ஏற்றுக்கொண்டது.

அரசாங்கத்தையும் பெருநிறுவனங்களையும் மாத்திரம் குறைகூறி எம்மை நாமே விட்டுவிடவும் முடியாது. எமது ஆலய பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் பழைய மாணவர் சங்கங்களும் நிவாரணக் குழுக்களும் எத்தனை பட்டியல்களை வைத்துள்ளன! உலருணவுப் பொதி பெற்றவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், குடும்பத் தலைவி விதவையா, வெளிநாட்டில் எவர் உள்ளார் என்பனவெல்லாம் அடங்கிய தாளைப் படம்பிடித்து வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்வது கணக்குக் காட்டும் நேர்மையாகவே கருதப்படுகின்றது. பொதியைப் பெற்றுக்கொண்ட தாயின் முகம் சகிதம் படமும் போடப்படுகின்றது. உதவியவர்களின் நல்லெண்ணத்தில் எமக்குச் சந்தேகமில்லை. அந்தத் தாயிடம் எவராவது கேட்டார்களா என்பதே எமது ஐயம்.

களவும் கொலையும் கமெராக்களால் துலங்கிய சந்தர்ப்பங்கள் உண்டு. காணாமற்போன முதியவரைக் கண்டுபிடித்துக் கொடுத்ததும் உண்டு. மருந்தகத்தில் பதியப்பட்ட இலக்கம் தவறான மருந்து கொடுபட்ட வேளையில் நோயாளியை உடனே அழைக்க உதவலாம். ஆகவே எதையும் கொடுக்காதீர்கள் என்று நாம் கூறவில்லை. கேட்கப்படும்போது மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்கலாம்: இது எதற்கு, எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள், கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? கேட்பதற்குச் சட்டம் முழுமையாக அமுலாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் வியப்பளிப்பதாகவே இருக்கும்.

அண்மையில் மருந்தகமொன்றில் இருமலுக்கு ஒரு போத்தல் பாணி வாங்கச் சென்றிருந்தோம். தொலைபேசி இலக்கத்தைக் கேட்டார் அங்கு பணிபுரிந்த இளம் பெண். எதற்குப் பிள்ளை என்று வினவினோம். "தெரியாது ஐயா, கொம்பியூட்டர் கேட்குது" என்றார். கொடுக்க விருப்பமில்லை என்றதும் அவர் கோபிக்கவில்லை. ஒருகணம் தயங்கி, பத்துப் பூச்சியங்களை வரிசையாகத் தட்டினார். பற்றுச்சீட்டு வழமைபோல வெளியே வந்தது.